வாணம் சுற்றும் பெண்களுக்கு வானம் விலக்கா?

ஆகாய விமானம் ஓட்டுவதும், வானவெளிக்குக் கலம் அனுப்புவதும், அந்த வேலைகளைச் செய்கின்ற ஸ்தாபனங்களுக்குத் தலைமை வகித்து நடத்துவதும் ஆண்களுக்கே உரிய காரியங்கள் என்றும், பெண்கள் அவற்றில் பிரவேசிப்பது இயற்கைக்கு விரோதமென்றும் நினைக்கின்றவர்கள் நம்மில் இன்னும் எத்தனையோ பேர் இருக்கின்றார்கள். இதை வெளியில் சொல்லச் சிலர் வெட்கப்படலாம். ஆனால் பத்தாவது முடித்த மகளை மேலே படிக்க வைக்கலாமா, அல்லது ஒரு மாப்பிள்ளை பார்த்துக் கையைக் கழுவிவிடலாமா என்று யோசிக்கும்போது அந்த எண்ணம் தானாகவே வெளிவந்துவிடுகின்றது. இப்படி நினைக்கின்றவர் வேறு ஊர்க்காரராயிருந்தால் அறியாமை என்று ஒருவாறு விட்டுவிடலாம். விருதுநகரிலும், சிவகாசியிலும், சாத்தூரிலும், வெம்பக்கோட்டையிலும் இருந்துகொண்டு ஒருவர் இப்படி நினைப்பாரானால், அவர் தம் கண்ணால் தினமும் பார்ப்பதையே நம்ப மறுக்கின்றவர் என்றுதான் சொல்லவேண்டும்.

ஏனென்றால், இந்தியாவில் கொளுத்தப்படுகின்ற பட்டாசில் மிகப் பெரும்பகுதி இந்த வட்டாரத்திலேதான் உண்டாகின்றது. அதில் ராக்கெட் வாணம் என்று ஒன்றிருக்கின்றது. அதற்குக் காகிதக் குழாய் சுற்றுவது யார்? பசை தடவிக் காயவைப்பது யார்? திரி வைத்து, குச்சி கட்டி, எண்ணிப் பெட்டியில் அடுக்குவது யார்? பெரும்பாலும் பெண்களே. வெடியுப்பும், கந்தகமும், கரியும் சேர்ந்த மருந்து எரிந்து, அந்த ஆவி கீழ்நோக்கிப் பாய, குழாய் மேல்நோக்கிப் பாய்கின்றது. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்புகின்ற பெரிய ராக்கெட்டும் இதே விதிப்படிதான் மேலே போகின்றதே தவிர வேறு எந்த மகிமையினாலும் அல்ல. பி.எஸ்.எல்.வி. என்னும் ராக்கெட்டின் முதல் அடுக்கில் சுமார் 138 டன் திட எரிபொருள் நிரப்பப்படுகின்றது. அதில் சேருகின்ற சரக்குகளில் முக்கியமானதொன்று அலுமினியப் பொடி. பட்டாசுக்குக் கண்ணைப் பறிக்கும் வெள்ளை வெளிச்சம் கொடுப்பதும் அதே அலுமினியப் பொடிதான். தன்னைத் தொட்ட கை ஆண் கையா, பெண் கையா என்று அந்தப் பொடிக்குத் தெரியாது. அந்த வித்தியாசத்தைக் கண்டுபிடித்தவர்கள் மனிதர்களேயாவார்கள். அதிலும் ஆண்பிள்ளைகளேயாவார்கள்.

அபாயத்தில் பங்கு, அதிகாரத்தில் இல்லை

"பெண்களுடைய சரீரம் மெல்லியது, ஆகாய வேலையோ அபாயமானது, அவர்களைக் காப்பாற்றவே தடுக்கின்றோம்" என்று சிலர் கருணை பேசுகின்றார்கள். இந்தக் கருணை நம் ஊர்ப்பக்கம் ஏன் எட்டிப்பார்ப்பதில்லை என்று கேட்கின்றோம். 5-9-2012இல் சிவகாசிக்கு அடுத்த முதலிப்பட்டியில் பட்டாசுத் தொழிற்சாலை வெடித்து முப்பது பேருக்கு மேல் மாண்டார்கள். 12-2-2021இல் சாத்தூருக்கு அடுத்த அச்சங்குளத்திலும், 2024 மே மாதத்தில் சிவகாசிக்கு அடுத்த செங்கமலப்பட்டியிலும் நடந்த வெடிவிபத்துக்களில் மாண்டவர்களில் பெண்களும் இருந்தார்கள். அவர்கள் காலையில் தூக்குச்சட்டியில் சோறு எடுத்துக்கொண்டு வேன் ஏறிப் போனபோது, "பெண்பிள்ளை, சரீரம் மெல்லியது, அபாயமான வேலைக்குப் போகாதே" என்று எந்தச் சாஸ்திரியாவது, எந்தக் குடும்பப் பெரியவராவது, எந்த முதலாளியாவது வந்து வழிமறித்ததுண்டா?

ஆகவே பெண்களுக்கு அபாயம் ஆகாது என்பது சுத்தப் பொய். அபாயமும் உருப்படிக் கூலியும் சேர்ந்து வந்தால் அது பெண்ணுக்கு ஆகும். அபாயமும், மரியாதையும், பெரிய சம்பளமும், நாலு பேருக்கு உத்தரவு போடும் அதிகாரமும் சேர்ந்து வந்தால் அது பெண்ணுக்கு ஆகாது. இதுதான் இவர்கள் சொல்லுகின்ற இயற்கை! பட்டாசுத் தொழிற்சாலைகளிலேயே பாருங்கள். ஓர் அறைக்குள் மருந்தோடு உட்கார்ந்திருப்பவர்களில் பெண்கள் ஏராளம். போர்மேன் என்று நின்று மேற்பார்க்கின்றவரும், லைசென்சில் பெயருள்ளவரும், கணக்குப் பெட்டியில் உட்கார்ந்திருப்பவரும் பெரும்பாலும் ஆண்பிள்ளைகள். இங்கே உள்ள இந்த அமைப்பேதான் பெரிய அளவில் வானத்திலும் இருக்கின்றது என்பதை இனிக் காட்டுகின்றோம்.

விமானத்தில் வைத்த சட்டம்

இந்த நாட்டில் பெண்கள் விமானம் ஓட்டத் தொடங்கியது நேற்றைக்கல்ல. ஊர்மிளா பரீக் என்பவர் 1932லேயே விமானம் ஓட்ட லைசென்சு பெற்றார். சரளா தக்ரால் 1936இல் பெற்றார். பிரேம் மாத்தூர் என்பவர் 1947இல் வியாபார விமானம் ஓட்டும் லைசென்சு பெற்று வேலை கேட்டபோது பல கம்பெனிகள் பெண் என்பதற்காகவே கதவைச் சாத்தின. கடைசியில் ஐதராபாத்திலிருந்த டெக்கான் ஏர்வேஸ் கம்பெனி அவரை எடுத்துக்கொண்டது. 1985இல் கல்கத்தாவிலிருந்து சில்சாருக்குச் சென்ற ஒரு விமானத்தை, சௌதாமினி தேஷ்முக் தலைமையில் முழுவதும் பெண்களே நடத்திச்சென்றார்கள். விமானம் விழுந்துவிடவுமில்லை, ஆகாயம் தீட்டுப்பட்டுவிடவுமில்லை. 2021இல் வெளியான கணக்குப்படி இந்தியாவில் விமானம் ஓட்டுகின்றவர்களில் நூற்றுக்குச் சுமார் 15 பேர் பெண்கள். உலகச் சராசரியோ சுமார் 5 தான். ஆகவே திறமையைப் பற்றிய வழக்கு தீர்ந்துபோய்விட்டது.

ஆனால் திறமை மெய்ப்பிக்கப்பட்டும் ஆண்பிள்ளைகள் எப்படி நடந்துகொண்டார்கள் என்று பாருங்கள். ஏர் இந்தியா விமானங்களில் பிரயாணிகளைக் கவனிக்கும் பெண்களுக்கு ஒரு விதி வைத்திருந்தார்கள். 35 வயதானால் வீட்டுக்குப் போகவேண்டும். வேலையில் சேர்ந்து நான்கு வருஷத்துக்குள் கல்யாணம் செய்துகொண்டால் வீட்டுக்குப் போகவேண்டும். முதல் கர்ப்பம் உண்டானாலும் வீட்டுக்குப் போகவேண்டும். இவற்றில் எது முந்துகின்றதோ அதுவே கணக்கு. அதே விமானத்தில் அதே வேலையைச் செய்த ஆணுக்கோ 58 வயது வரையில் உத்தியோகம்! நெர்கேஷ் மீர்சா என்னும் பெண்மணியும் மற்றவர்களும் சுப்ரீம் கோர்ட்டு வரையில் போனதன் பிறகு, 1981இல்தான் கர்ப்பம் உண்டானால் வேலை போகும் என்னும் விதி செல்லாதென்று தீர்ப்பாயிற்று. நான்கு வருஷத்துக்குள் கல்யாணம் கூடாதென்ற விதியை அந்தத் தீர்ப்புங்கூட நியாயமென்றே விட்டுவிட்டது.

"தாய்மையே தெய்வம்" என்று மேடையில் முழங்குகின்ற இந்த நாட்டில்தான், தாயாகப்போகின்ற பெண்ணை அந்தக் காரணத்திற்காகவே வேலையிலிருந்து தள்ளும் விதி இருந்தது என்பதை நமது தோழர்கள் மறக்கக்கூடாது. தெய்வம் என்று சொல்லுவதும், தெருவில் தள்ளுவதும் ஒரே கையால் நடந்த காரியம்.

கதவைச் சாத்திவிட்டு "வரவில்லை" என்பது

இனி வானவெளிக்கு வருவோம். மனிதரை வானவெளிக்கு அனுப்பும் ககன்யான் என்னும் திட்டத்துக்காகப் பொறுக்கியெடுக்கப்பட்ட நான்கு பேரின் பெயர்கள் 27-2-2024இல் தும்பாவில் அறிவிக்கப்பட்டன. நால்வரும் ஆண்கள். பெண் ஒருவரும் இல்லையா என்று கேட்டால், "விமானப்படையில் சோதனை விமானம் ஓட்டிப் பழகியவர்களைத்தான் எடுத்தோம், அப்படிப்பட்ட பெண் இல்லை" என்று பதில் வருகின்றது. மிகவும் நேர்மையான பதில்போல் தோன்றும். ஆனால் விமானப்படையில் போர் விமானம் ஓட்டப் பெண்களை எப்போது விட்டார்கள்? 18-6-2016இல்தான் அவனி சதுர்வேதி, பாவனா காந்த், மோகனா சிங் என்னும் மூவர் முதன்முதலாக அந்த உத்தியோகத்தில் சேர்க்கப்பட்டார்கள். போர் விமானத்தில் பல வருஷம் பழகினாலல்லவா சோதனை விமானி ஆகமுடியும்? எழுபது வருஷ காலத்துக்கு வாசலைப் பூட்டிவைத்தவர்கள், திறந்த சில வருஷத்துக்குள் "உள்ளே யாரும் இல்லையே" என்று கையை விரிப்பது எவ்வளவு தூரம் யோக்கியமான காரியம்?

இந்தத் தந்திரம் நம் நாட்டாருக்கு மாத்திரம் சொந்தமானதுமல்ல. அமெரிக்காவில் முதல் வானவெளி வீரர்களை எடுத்தபோதும் ராணுவ ஜெட் விமானத்தைச் சோதித்துப் பழகியவர்களே வேண்டும் என்றார்கள். அந்த வேலையில் பெண்களைச் சேர்ப்பதில்லை என்பது ராணுவத்தின் வழக்கம். ஆண்களுக்கு வைத்த அதே வைத்தியப் பரிசோதனைகளில் 13 பெண்கள் தேறியும், 1962இல் அந்நாட்டுக் காங்கிரஸ் கமிட்டி முன்பு நியாயம் கேட்கப்பட்டும் பலனில்லை. 1983 வரையில் அமெரிக்கப் பெண் ஒருவர் வானவெளிக்குப் போகவில்லை. கலத்துக்கே தலைமை வகிக்க எலீன் காலின்ஸ் என்னும் பெண்மணிக்கு 1999 வரையில் ஆயிற்று.

ரஷ்யாவிலோ வேறொன்று நடந்தது. 16-6-1963இல் வானவெளிக்குச் சென்ற முதற்பெண் வலன்டீனா தெரஷ்கோவா யார் தெரியுமா? ராணுவ அதிகாரி மகளல்ல, சீமாட்டியுமல்ல. யாரொஸ்லாவ்ல் என்னும் ஊரில் நூல் ஆலையில் வேலை செய்த தொழிலாளிப் பெண். வேலை நேரம் போக, ஊரிலிருந்த விமானச் சங்கத்தில் சேர்ந்து பாரசூட்டில் குதிக்கப் பழகியவர். அந்த ஒரு பழக்கத்தையே போதுமான தகுதியாக வைத்து, மற்றதைச் சர்க்கார் கற்றுக்கொடுத்தது. அவர் தனியாக 48 தடவை பூமியைச் சுற்றி வந்தார். ஆலைத் தொழிலாளிப் பெண் அங்கே வானத்துக்கு ஏறினார். வெடி ஆலைத் தொழிலாளிப் பெண் இங்கே வேன் ஏறுகின்றார். இரண்டு பேருக்கும் மூளையில் வித்தியாசமா, அல்லது அவர்கள் ஊரில் இருந்த ஏற்பாட்டில் வித்தியாசமா என்று யோசித்துப் பாருங்கள். அந்த ரஷ்யாவிலுங்கூட இரண்டாவது பெண்ணை அனுப்ப 19 வருஷம் ஆயிற்று என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகின்றோம். காட்சிக்கு ஒருத்தியை ஏற்றிக் காட்டிவிட்டு, அதன்பிறகு கதவைச் சாத்திக்கொள்வதும் ஆண்பிள்ளைத் தந்திரத்தில் ஒன்று.

நிற்க, நமது ககன்யானில் பெண்ணே கிடையாதென்று சொன்னால் அது குற்றமாகும். ஆளில்லாத கலத்தில் வைத்து அனுப்புவதற்கென்று ஒரு பெண் பொம்மையை 2020 ஜனவரியில் காட்டினார்கள். அதற்கு வியோமமித்ரா என்று பெயர். பேசும்; விசையை அழுத்தும்; ஆனால் கால் கிடையாது. சொன்னதைச் செய்யும், சம்பளம் கேட்காது, பதவி உயர்வு கேட்காது, கால் இல்லாதபடியால் வாசற்படி தாண்டவும் செய்யாது. வைதீகர்கள் காலங்காலமாகத் தேடிக்கொண்டிருந்த உத்தம ஸ்திரீ கடைசியில் பெங்களூரில் கிடைத்துவிட்டாள் போலும்!

அதே ரயில் பாதையில்

"எல்லாம் சரி, நம் பக்கத்துப் பெண்களுக்கு அவ்வளவு பெரிய விஞ்ஞானம் வருமா?" என்று கேட்கின்றவர்களுக்கு வெகு தூரம் போய்ப் பதில் தேடவேண்டியதில்லை. விருதுநகரில் புறப்பட்டுச் சிவகாசி, ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், தென்காசி வழியாகப் போகின்ற ரயில் எங்கே போய் நிற்கின்றது? செங்கோட்டையில். அந்தச் செங்கோட்டையில் பிறந்து, அங்கேயே பள்ளிக்கூடத்தில் படித்து, திருநெல்வேலி சர்க்கார் என்ஜினீயரிங் காலேஜில் படித்து, 1987இல் இஸ்ரோவில் சேர்ந்தவர் நிகர் ஷாஜி. சூரியனை ஆராயும் ஆதித்யா எல்-1 என்னும் கலத்தை உண்டாக்கிய திட்டத்துக்கு அவரே இயக்குநர். அது 2-9-2023இல் கிளம்பி, 6-1-2024இல் பூமிக்கு 15 லட்சம் கிலோமீட்டருக்கு அப்பால் குறித்த இடத்தில் போய் அமர்ந்தது. முஸ்லிம் குடும்பத்துப் பெண், சிற்றூர்ப் பெண், தென்கோடிப் பெண் என்று எந்தக் காரணத்தையெல்லாம் சொல்லித் தடுப்பார்களோ அத்தனையும் அவருக்கு இருந்தது. படிப்பை யாரும் தடுக்காதிருந்ததே அவருக்குக் கிடைத்த வசதி.

அவர் ஒருவர் மாத்திரமல்ல. ஜிசாட்-12 என்னும் கலத்துக்கு 2011இல் இயக்குநராக இருந்தவர் டி.கே. அனுராதா. ரிசாட்-1 கலத்துக்கு 2012இல் இயக்குநராக இருந்தவர் அரியலூர் வளர்மதி. தமிழ்நாட்டு சர்க்காரின் அப்துல் கலாம் விருது 2015இல் முதன்முதலாகக் கொடுக்கப்பட்டது அவருக்கே. 2019இல் கிளம்பிய சந்திரயான்-2இன் திட்ட இயக்குநர் சென்னையைச் சேர்ந்த வனிதா. 2011இல் சோதிக்கப்பட்ட அக்னி-4 ஏவுகணையின் திட்ட இயக்குநர் கேரளத்து டெசி தாமஸ். இத்தனை பேர் பொறுப்பேற்று நடத்தியும், 1969இல் உண்டான இஸ்ரோவின் தலைவர் நாற்காலியில் இன்றுவரை ஒரு பெண்ணாவது உட்கார்ந்ததில்லை. வேலையைச் செய்து முடிக்கும் தலைமை மட்டும் பெண்ணுக்கு. ஸ்தாபனத்தையே நடத்தும் தலைமை ஆணுக்கு. சிவகாசி அறையில் இருக்கின்ற போர்மேன் கதை அங்கேயும் இருக்கின்றதென்று நாம் சொன்னது இதைத்தான்.

இந்தப் பெண்களைப் பற்றிப் பத்திரிகைகள் எழுதுகின்ற விதமும் பார்க்கத்தக்கது. 2014 செப்டம்பரில் மங்கள்யான் செவ்வாயை அடைந்தபோது இஸ்ரோப் பெண்கள் மகிழ்ந்து நின்ற படம் ஒன்று உலகமெங்கும் பரவிற்று. உடனே அவர்கள் கட்டியிருந்த பட்டுப் புடவையைப் பற்றியும், தலையில் வைத்திருந்த பூவைப் பற்றியும் பத்தி பத்தியாக எழுதினார்கள். ஆண் விஞ்ஞானிகளின் வேஷ்டிக் கரையைப் பற்றி யாராவது எழுதினார்களா? "வானத்துக்குக் கலம் அனுப்பினாலும் பூ வைக்க மறக்கவில்லை, வீட்டில் சமைக்கவும் மறக்கவில்லை" என்று புகழுவது புகழ்ச்சியல்ல. "எங்கே போனாலும் அடுப்பங்கரை உனக்குத்தான்" என்று ஞாபகப்படுத்துவதாகும்.

நாம் செய்யவேண்டியது

பெண்கள் எந்தத் தொழிலையும் ஆண்களைப்போலவே மேற்கொள்ள உரிமை வேண்டுமென்று 1929இல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு தீர்மானித்தது. 1931இல் இதே விருதுநகரில் மாநாடு கூடிற்று. பெண்ணுக்கும் பரம்பரைச் சொத்தில் சம பாகம் என்னும் சட்டம் தமிழ்நாட்டில் 1989இல்தான் வந்தது. தீர்மானத்துக்கும் சட்டத்துக்கும் நடுவில் அறுபது வருஷம் போய்விட்டது. சட்டத்துக்கும் வீட்டு நடப்புக்கும் நடுவில் இன்னும் எத்தனை வருஷம் போகவேண்டும் என்பதைத் தீர்மானிக்கவேண்டியவர்கள் இந்தப் பத்திரிகையைப் படிக்கின்ற தகப்பன்மார்களும் அண்ணன்மார்களுமேயாவார்கள்.

இப்போது காலமும் நம் வாசலுக்கே வந்திருக்கின்றது. பக்கத்துத் தூத்துக்குடி ஜில்லாவில் குலசேகரப்பட்டினத்தில் புதிய ராக்கெட் தளத்துக்கு 28-2-2024இல் அடிக்கல் நாட்டப்பட்டது. எஸ்.எஸ்.எல்.வி. என்னும் சிறிய ராக்கெட்டை அங்கிருந்து அனுப்பப்போகின்றார்கள். அந்த ராக்கெட் 10-2-2023இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து சுமந்துபோன கலங்களில் ஒன்று, இந்தியா முழுவதிலுமுள்ள 750 பள்ளிக்கூடப் பெண்பிள்ளைகள் சேர்ந்து செய்தது. 2022இல் அவர்களுடைய முதற்கலம் ராக்கெட்டின் கோளாறினால் வீணாயிற்று. அதற்காக அந்தப் பிள்ளைகள் உட்கார்ந்து அழவில்லை. மறுபடி செய்து அனுப்பினார்கள்.

ஆகவே நாம் கேட்பது இவைகள்தான். முதலாவது, இந்த ஜில்லாவில் பெண்பிள்ளை பதினோராவது வகுப்பில் கணிதமும் பௌதிகமும் எடுக்க விரும்பினால், "உனக்கெதற்கு அது" என்று ஒரு தகப்பனும் ஒரு வாத்தியாரும் சொல்லக்கூடாது. சிவகாசித் தீப்பெட்டி ஆலை வழக்கில் 1996இல் சுப்ரீம் கோர்ட்டு குழந்தைகளைத் தொழிலிலிருந்து எடுத்துப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க உத்தரவிட்டது. பள்ளிக்கூடத்தில் சேர்த்த பெண்ணைப் பன்னிரண்டாவதோடு மறுபடி குழாய் சுற்ற உட்காரவைப்போமானால், அந்த உத்தரவை நாம் பாதிதான் நிறைவேற்றினவர்களாவோம்.

இரண்டாவது, விமானம் ஓட்டப் படிப்பதற்கு இன்றைக்கு அரைக்கோடி ரூபாய் அளவில் செலவு பிடிக்கின்றது. கூலிக்காரர் மகளுக்கு அது கனவு. இந்தப் பெண்களின் கையால் பெருத்த பட்டாசு முதலாளிகள் கோயிலுக்கு மண்டபம் கட்டும் பணத்தில் ஒரு பாகத்தை எடுத்து, வருஷத்துக்குச் சில தொழிலாளிப் பெண்களின் மக்களை விமானப் படிப்புக்கும் என்ஜினீயரிங் படிப்புக்கும் அனுப்பட்டும். சர்க்காரும் தன் பங்குக்குப் பணம் ஒதுக்கட்டும்.

மூன்றாவது, பட்டாசுத் தொழிற்சாலைகளில் பெண்களுக்குப் போர்மேன் பயிற்சி கொடுத்து அந்த உத்தியோகத்தில் வைக்கவேண்டும். மருந்தின் குணம் இருபது வருஷமாகத் தெரிந்தவருக்கு மேற்பார்வை தெரியாதென்பது அபத்தம்.

நான்காவது, ககன்யானுக்கு அடுத்த ஆட்களை எடுக்கும்போது சோதனை விமானி என்னும் பூட்டைக் கழற்றிவிட்டு, பெண் என்ஜினீயர்களையும் டாக்டர்களையும் எடுத்துப் பழக்கவேண்டும். குலசேகரப்பட்டினத்தில் பெண்கள் எத்தனை பேர், என்ன உத்தியோகத்தில் என்பதை நம் சட்டசபை அங்கத்தினர்களும் பார்லிமெண்டு அங்கத்தினர்களும் வருஷந்தோறும் கேட்கவேண்டும். கூட்டிப் பெருக்கும் வேலையில் நூறு பெண்கள் என்று கணக்குக் காட்டினால் நாம் ஏமாறப்போவதில்லை.

கடைசியாக, தோழர்களே! உங்கள் வீட்டுப் பெண் கல்யாணத்துக்கென்று சேர்த்து வைத்திருக்கின்ற நகைக்கும் பணத்துக்கும் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். அது ஒரு பெண்ணை என்ஜினீயரிங் காலேஜில் நான்கு வருஷம் படிக்கவைக்கப் போதும். நகையை மாப்பிள்ளை வீட்டார் எடைபோட்டு வாங்கிக்கொள்வார்கள். படிப்பை எந்த மாமியாரும் பிடுங்கிக்கொள்ள முடியாது. வரும் ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கும்போது இந்தக் கணக்கை ஞாபகத்தில் வைத்துக்கொண்டு உங்கள் பெண்ணின் கையைப் பிடித்து அழைத்துப்போங்கள்.